பக்கவாதம் வந்த மாமனாரைத் தூக்கி உட்காரவைக்க எந்தக் கருவி வாங்கலாம்?

கேள்வி: தங்கச்சிமடத்தில் கடற்கரையை ஒட்டிய வீடு எங்களுடையது. மாமனாருக்கு வயது 71. நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன. எடை 84 கிலோ. பிடித்துக்கொண்டால் கட்டில் விளிம்பில் சிறிது நேரம் உட்காருகிறார்; நிற்க முடியவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் கணவர் வீட்டில் இருந்ததால் அவரே தூக்கி நாற்காலியில் வைத்தார். இப்போது அவர் கடலுக்குப் போகும் நாள்களில் நானும் அத்தையும்தான். அத்தைக்கு முழங்கால் வலி. கழிவறை வீட்டுக்குப் பின்னால், மணல் முற்றத்தைத் தாண்டி இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் கொழுந்தனார் கருவி வாங்கப் பணம் அனுப்புகிறேன் என்கிறார். கையால் பம்ப் செய்யும் லிஃப்ட், பேட்டரியில் இயங்கும் லிஃப்ட், உட்காரவைத்துத் தள்ளும் டிரான்ஸ்ஃபர் சேர் என மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். எதை வாங்குவது?

பதில்: கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு வேண்டுகோள். நீங்களும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் நின்று அவருடைய அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தால், அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பக்கவாதத்தில் தளர்ந்த தோளைத் தாங்கிப் பிடிக்கத் தசைகளுக்கு வலு இருக்காது. கையைப் பிடித்து இழுத்தாலோ அக்குளில் தூக்கினாலோ மூட்டு நழுவிவிடும். அந்த வலி வந்தவர்கள் உடற்பயிற்சிக்கே கையைத் தர மறுப்பார்கள். மீண்டு வரவேண்டிய கையும் முடங்கிப்போகும். உங்கள் முதுகும் இதில் தப்பாது. ஒரு நோயாளியைத் தூக்கும்போது ஒருவர் மேல் விழும் பாரம் 35 பவுண்டு, ஏறக்குறைய 16 கிலோவைத் தாண்டினால் கருவியின் உதவி வேண்டும் என்பது அமெரிக்காவில் வேலை செய்பவர்களின் பாதுகாப்பை ஆராயும் நயோஷ் (NIOSH) என்ற அரசு நிறுவனத்து ஆய்வாளர் 2007இல் தந்த பரிந்துரை. அதுவும் எல்லாம் தோதாக அமைந்த நிலையில். 84 கிலோவை நீங்கள் இருவரும் சமமாகப் பங்கிட்டாலும் ஆளுக்கு 42 கிலோ. கருவி வரும்வரை கணவர் இல்லாத நாள்களில் கட்டிலிலேயே பெட்பேன் வையுங்கள். தலையணைகளை அண்டக் கொடுத்துச் சாய்த்து உட்காரவைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தால் போதும்.

இப்போது உங்கள் மூன்று தேர்வுகளுக்கு வருகிறேன். டிரான்ஸ்ஃபர் சேர் பார்க்க எளிமையானது. அதன் இருக்கை நடுவில் இரண்டாகப் பிரியும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பவரைச் சுற்றி வந்து தொடைக்கு அடியில் மூடிக்கொள்ளும். பிறகு கைப்பிடியைச் சுற்றி உயர்த்தி, அப்படியே தள்ளிக்கொண்டு போகலாம். கமோடு துளையும் இருக்கும். ஆனால் அந்த இருக்கை மூடும்வரை அவர் உடம்பைத் தானே நிறுத்தி வைத்திருக்க வேண்டும். உங்கள் மாமனாரோ பிடித்தால்தான் உட்காருகிறார். ஒருவர் பிடிக்க, ஒருவர் நாற்காலியைத் தள்ளி மூட, அந்த நேரத்தில் அவர் வலப்பக்கம் சரிந்தால் பிடிக்க மூன்றாவது கை இல்லை. இன்னொன்று: அவர் என்றாவது தரையில் விழுந்துவிட்டால் இந்த நாற்காலியால் தூக்க முடியாது. ஆகவே இன்றைய நிலையில் இது உங்களுக்கு வேண்டாம். யார் பிடியும் இல்லாமல், இடது கையை ஊன்றிக்கொண்டு பத்து நிமிடம் நேராக உட்காரும் நாள் வந்தால் இதை மறுபடி யோசிக்கலாம்.

நின்று எழ உதவும் லிஃப்ட் என்ற இன்னொரு வகையையும் கடையில் காட்டுவார்கள். அதன் பட்டை முதுகைச் சுற்றி அக்குளுக்குக் கீழே வரும். காலில் ஓரளவாவது பாரம் தாங்க வேண்டும். நிற்க முடியாதவருக்கு, அதுவும் தோள் தளர்ந்தவருக்கு, அதை வாங்கவே கூடாது.

எஞ்சுவது ஸ்லிங் துணியில் உட்காரவைத்துத் தூக்கும் லிஃப்ட். அதில் கைப்பம்பு ஹைட்ராலிக் வகையையே உங்களுக்குச் சொல்வேன். பேட்டரி வகையில் பொத்தானை அழுத்தினால் போதும். மின்சாரம் போனாலும் சார்ஜ் இருக்கும்வரை இயங்கும். அவசரத்தில் இறக்கத் தனி ஏற்பாடும் உண்டு. குறை சொல்ல முடியாத கருவிதான். ஆனால் விலை கூடுதல். கடல் ஈரம் சார்ஜர் முனைகளையும் இணைப்புகளையும் அரித்துவிடும். பழுதானால் ஆள் எங்கிருந்து வருவார் என்று யோசியுங்கள். கைப்பம்பு வகையில் பாரத்தைத் தூக்குவது எண்ணெய் அழுத்தம். முழங்கால் வலி உள்ள அத்தைகூட நின்ற இடத்திலிருந்தே கைப்பிடியை அசைத்து உயர்த்தலாம். இறக்கும் திருகை மட்டும் மெல்லத் திறக்கப் பழக வேண்டும். சட்டென்று திறந்தால் அவர் சட்டென்று இறங்குவார். எத்தனை கிலோ தாங்கும் என்பது கருவியிலேயே எழுதியிருக்க வேண்டும். 150 கிலோ போட்டது உங்களுக்கு ஏராளம்.

பணம் தரும் கொழுந்தனாருக்கு இதைச் சொல்லிவிடுங்கள்: எந்த லிஃப்டும் மணலில் ஓடாது. அதன் சக்கரங்கள் சிறியவை, மழமழப்பான தரைக்காகச் செய்தவை. ஆளைத் தொங்கவிட்டபடி நிலைப்படியையும் தாண்டக் கூடாது. ஒரு சக்கரம் தட்டினால் தொங்கும் உடல் ஆடும். அந்த ஆட்டத்தில்தான் கருவி சாயும். லிஃப்டின் வேலை கட்டிலுக்கும் பக்கத்தில் நிற்கும் நாற்காலிக்கும் நடுவே உள்ள சில அடி தூரம் மட்டுமே. கழிவறைக்குப் போவது சக்கரம் வைத்த கமோடு நாற்காலியின் வேலை. எனவே வாங்க வேண்டியவை இரண்டு. மூன்றாவதாக, பின்வாசலிலிருந்து கழிவறை வரை மூன்றரை அடி அகலத்துக்குச் சிமெண்டுப் பாதையும், நிலைப்படிக்கு இருபுறமும் சரிவும் போடுங்கள். சரிவு ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் என்ற கணக்கில் இருக்கட்டும். வாடைக்காற்றோடு மழைக்காலம் தொடங்குமுன் கொத்தனாரை அழைத்துவிடுவது நல்லது. பாதை தயாராகும்வரை கட்டிலுக்குப் பக்கத்திலேயே கமோடு நாற்காலியில் வாளி வைத்துச் சமாளிக்கலாம்.

கடைக்குப் போகுமுன் அளவு நாடாவை எடுங்கள். லிஃப்டின் அடிக்கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டும். தரைக்கும் கட்டிலின் அடிச்சட்டத்துக்கும் நடுவே 15 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் பெரும்பாலான கருவிகள் நுழையும். அடியில் பெட்டி வைத்த கட்டில் என்றால் லிஃப்ட் பயன்படாது, கட்டிலைத்தான் மாற்ற வேண்டும். தாழ்வான கட்டிலைச் செங்கல் வைத்து உயர்த்தாதீர்கள், நழுவிவிடும். கால் பதியும்படி குழி வெட்டிய மரக்கட்டைகளைத் தச்சரிடம் செய்துகொள்ளுங்கள். கட்டிலின் பக்கவாட்டில் ஐந்தடிக்கு ஐந்தடி வெற்றிடம் வேண்டும். அறையில் பீரோ நின்றால் வெளியேற்றுங்கள். ஸ்லிங்கை மாட்டும் கொக்கி எவ்வளவு கீழே இறங்கும் என்றும் கடைக்காரரைக் கேளுங்கள். தரையில் விழுந்தவரைத் தூக்கக்கூடியதா என்பதை அந்த அளவுதான் சொல்லும்.

இனி ஸ்லிங். கடைகளில் லிஃப்டைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள், ஸ்லிங்கை இலவச இணைப்பாகச் சுருட்டிக் கொடுப்பார்கள். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு. ஆளைத் தாங்குவது அந்தத் துணிதான். பெரிதாக இருந்தால் இடுப்பு வழியே நழுவுவார். சிறிதாக இருந்தால் தொடை இடுக்கில் அறுக்கும், மூச்சு முட்டும். உங்கள் மாமனாருக்கு வேண்டியது தலைவரை தாங்கும், கால்களுக்குத் தனித்தனிப் பட்டை பிரியும் முழு ஸ்லிங். வால் எலும்பிலிருந்து உச்சந்தலை வரை நீளத்தையும், இடுப்பின் சுற்றளவையும் அளந்து எடுத்துப்போய், அந்த நிறுவனத்தின் அளவு அட்டவணையோடு ஒப்பிட்டு வாங்குங்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே அளவு என்று சொன்னால் வேறு கடை பாருங்கள். பின்பகுதி திறந்த கழிவறை ஸ்லிங்கைச் சிபாரிசு செய்வார்கள். உடுத்த, களைய வசதிதான், ஆனால் உடம்பை நிமிர்த்தி வைக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே அது. லிஃப்ட் ஒரு நிறுவனம், ஸ்லிங் இன்னொரு நிறுவனம் என்றால் பொருந்தும் என்று எழுத்தில் வாங்குங்கள். இரண்டு ஸ்லிங் வேண்டும்: ஒன்று நனைந்தால் மற்றொன்று. துவைத்ததை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர் வெயில் அந்த நூலை மெல்ல மெல்ல நைத்துவிடும். பிளீச்சிங் போடக் கூடாது, இஸ்திரி கூடாது. தையல் பிரிந்தாலோ, வளையம் நைந்தாலோ, எடை எழுதிய சீட்டு படிக்க முடியாமல் அழிந்தாலோ, தைத்துப் பயன்படுத்தலாமே என்று நினைக்காமல் தூக்கி எறியுங்கள்.

பயன்படுத்தும் முறையை நேரில்தான் கற்க வேண்டும். ஆனாலும் சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எப்போதும் இரண்டு பேர்: ஒருவர் பம்பில், ஒருவர் அவர் முகத்துக்கு எதிரே. தளர்ந்த வலது கையை வயிற்றின் மேல் எடுத்து வையுங்கள். ஸ்லிங்குக்கு வெளியே தொங்கக் கூடாது. ஸ்லிங் பட்டைகளின் முனையில் நீளத்துக்கு ஒரு நிறமாகப் பல வளையங்கள் இருக்கும்; இடதும் வலதும் ஒரே நிற வளையத்தில் மாட்ட வேண்டும். தோள்பக்கம் குட்டையான வளையத்தையும் கால்பக்கம் நீளமான வளையத்தையும் மாட்டினால் நிமிர்ந்து உட்காருவார். மாற்றினால் சாய்ந்த நிலை கிடைக்கும். ஆரம்பத்தில் அவருக்குச் சற்றே சாய்ந்த நிலைதான் நிம்மதியாக இருக்கும். அடிக்கால்களை முழுவதும் விரியுங்கள். மெத்தையை விட்டு நான்கு விரற்கடை உயர்ந்ததும் நிறுத்தி, நான்கு கொக்கிகளையும் ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள்.

பலரும் தலைகீழாகச் செய்வது சக்கரப் பூட்டை. கட்டிலையும் நாற்காலியையும் பூட்டுங்கள். தூக்கும்போது லிஃப்டின் சக்கரங்களைப் பூட்டாதீர்கள். நங்கூரம் போட்ட படகு காற்றுக்கு ஏற்பத் தானே திரும்பி நிற்பது போல, லிஃப்டும் பாரத்துக்கு நேர் கீழே தானே நகர்ந்து நிற்க வேண்டும். பூட்டிவிட்டால் அது நகர முடியாமல் சாயும். தரை மிகவும் சரிவாக இருந்து லிஃப்ட் தானே ஓடுகிறதென்றால் அந்த இடத்தில் தூக்கவே வேண்டாம்.

நாற்காலியில் இறக்கும்போது எதிரே நிற்பவர் அவர் முழங்கால்களை மெதுவாகப் பின்னே தள்ளினால் இடுப்பு முதுகுச் சாய்மானத்தோடு ஒட்டி உட்காரும். மணிக்கணக்கில் உட்காரப் போகிறார் என்றால் அடியிலிருக்கும் ஸ்லிங்கை எடுத்துவிடுங்கள். மடிப்பு அழுத்தி, உணர்ச்சி குறைந்த பக்கத்தில் புண் வரும்.

கடலோரத்துக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. பாம்பன் முதல் ராமேஸ்வரம் வரை காற்றிலேயே உப்பு. பெயின்ட் அடித்த இரும்புச் சட்டத்தில் துரு முதலில் வருவது பற்றவைத்த இடங்களிலும், லிஃப்டின் தூக்கும் கை அசையும் அச்சாணியிலும், கொக்கி தொங்கும் போல்ட்டிலும்தான். ஆளின் முழு எடையும் அந்த இடங்களில்தான் விழுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 தரத்தைவிட 316 உப்பை நன்றாகத் தாங்கும். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி 316 என்பார்கள், காந்தம் அதைப் பிரித்துச் சொல்லாது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். சக்கரத்தில் சுற்றிய முடியையும் மணலையும் எடுங்கள். அச்சாணியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பம்பின் அடியில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலோ, தூக்கி நிறுத்திய லிஃப்டின் கை தானாகக் கீழிறங்கினாலோ அன்றே பயன்பாட்டை நிறுத்துங்கள். படகு போல்ட்டின் துருவைப் பார்த்துப் பழகிய கண் உங்கள் கணவருடையது. இந்தப் பொறுப்பை அவரிடம் கொடுங்கள்.

புதிதாக வாங்குவதற்கு முன் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ உள்ள சர்ஜிக்கல் கடைகளில் மாத வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள். ஸ்லிங்கை மட்டும் புதிதாகச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். வாடகை என்று நான் சொல்வது பணத்துக்காக மட்டும் இல்லை. பக்கவாதத்தில் முன்னேற்றம் வேகமாக வருவது முதல் ஆறு மாதங்களில். உங்கள் மாமனார் இன்னும் அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறார். லிஃப்ட் வந்துவிட்டது என்று அவரைத் தூக்கித் தூக்கி வைத்தால், உட்காரும் பழக்கமும் இடது காலை ஊன்றும் பழக்கமும் போய்விடும். நாள்தோறும் கட்டில் விளிம்பில் உட்காரவைக்கும் பயிற்சியை விடாதீர்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். அவர் வரும் நாளில் லிஃப்டும் வீட்டில் இருக்கட்டும், உங்கள் இருவருக்கும் கைப்பழக்கம் கற்றுத்தரச் சொல்லுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கேட்கலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குச் சென்று விண்ணப்பியுங்கள். சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு அங்கே வழி உண்டு.

முதல் சில நாள்கள் கணவர் கரையில் இருக்கும்போது மட்டும் தூக்குங்கள். முதலில் கணவரையே ஸ்லிங்கில் உட்காரவைத்துத் தூக்கி இறக்குங்கள், பிறகு நீங்கள் உட்காருங்கள். மாமனார் கட்டிலில் இருந்தபடி அதைப் பார்க்கட்டும். அவர் முறை வரும்போது, தூக்கும் முன்னும் இறக்கும் முன்னும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பேச்சு குழறினாலும் இடது கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று அவரோடு ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கை உயர்ந்தால் பாதியிலும் நிறுத்துங்கள்.