வாசகர் கேள்வி – பதில்: சிற்றூரில் காதலும் மர்மமும்

கேள்வி: கிருஷ்ணகிரியைக் களமாக வைத்து ஒரு காதல் மர்ம நாவல் எழுதி வருகிறேன். மாங்காய் மண்டியில் கணக்கு எழுதும் ஒரு பெண், தனக்கு முன் அதே வேலையில் இருந்தவர் காணாமல் போனதைப் பற்றி விசாரிக்கத் தொடங்குகிறாள். சந்தேகமோ அவள் விரும்பும் லாரி உரிமையாளர் மீதே விழுகிறது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் மர்மம் நிற்காது, கதையைச் சென்னைக்கு மாற்றிவிடு என்கிறார்கள் தோழிகள். தங்கள் கருத்து என்ன ஐயா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: தயவுசெய்து மாற்றாதீர்கள், அம்மா. நம் அகப்பாடல் மரபு இதற்கு இரண்டு அருமையான சொற்களை வைத்திருக்கிறது. காதலைப் பற்றிச் சிலர் மட்டும் தமக்குள் முணுமுணுப்பது அம்பல். ஊரே அறியப் பேசுவது அலர். உங்கள் நாவல் நடக்க வேண்டியது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில்தான். பெருநகரத்தில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. சிற்றூரில் எல்லோரும் பார்க்கிறார்கள், ஆனால் ஒவ்வொருவரும் பார்த்தது ஒரு துண்டு மட்டுமே. தேநீர்க் கடைக்காரர் அந்த லாரியைப் பார்த்திருப்பார், மண்டிக் கூலியாள் ஒரு சண்டையைக் கேட்டிருப்பார், இருவரும் வாய் திறக்காததற்கு அவரவர்க்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணங்களை நீங்கள் எவ்வளவு பரிவோடு எழுதுகிறீர்களோ, அவ்வளவுக்கு மர்மம் உறுதியாக நிற்கும்.

ஊரும் உங்களுக்குத் துணை நிற்கிறது. சென்னை, பெங்களூரு, சேலம் ஆகிய மூன்று திசைச் சாலைகளும் கூடும் இடமாதலால் வெளியாள் ஒருவன் ஓரிரவில் வந்து மறைவது அங்கே இயல்பு. ஆனால் ரயில் நிலையம் இல்லாத ஊர் என்பதால், வண்டி வசதியற்ற உங்கள் நாயகி வெளியூர் போக நினைத்தால் பேருந்து நிலையத்தில் நின்றே ஆக வேண்டும், அங்கே அவளை யாராவது பார்க்காமல் இருக்கமாட்டார்கள். காணாமல் போன நிகழ்வை 2004-க்கு முன் வைத்தால் இன்னொரு வசதியும் உண்டு. கிருஷ்ணகிரி அதுவரை தருமபுரி மாவட்டத்தில் இருந்ததால், அந்தக் குடும்பம் அந்நாளில் மாவட்ட ஆட்சியரிடம் கொடுத்த மனுவைத் தேடி அவள் தருமபுரிக்குத்தான் போக வேண்டும். மண்டியில் விடுப்புக் கேட்கும்போது அதற்கு ஒரு பொய்யும் சொல்ல வேண்டும். முதல் பொய்யை அவள் யாரிடம் சொல்கிறாள் என்பதை நன்றாக யோசித்து முடிவு செய்யுங்கள். அவனிடமே சொன்னால் காதலும் அச்சமும் ஒரே காட்சியில் வந்து சேர்ந்துவிடும்.

தடயத்தை அவளுடைய தொழிலிலிருந்தே எடுங்கள். மாங்கூழ் ஆலைக்குப் போன பெங்களூரா மாங்காய் லோடின் எடைமேடைச் சீட்டுக்கும் மண்டிப் பேரேட்டுக்கும் எடை ஒத்துப்போகவில்லை என்பதைக் கணக்கு எழுதுகிறவள்தான் கண்டுபிடிக்க முடியும். அப்படிக் கண்டுபிடித்தவளை இறுதி அத்தியாயத்தில் கட்டிப்போட்டு, நாயகன் வந்து மீட்பதாக மட்டும் எழுதிவிடாதீர்கள். அதுவரை அவளோடு நடந்துவந்த வாசகருக்கு அது பெரிய ஏமாற்றம். அவன் குற்றவாளியா இல்லையா என்ற கேள்வியும், அவள் அவனை நம்பலாமா என்ற கேள்வியும் வேறு வேறு என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். முதலாவதற்கு விடை கிடைத்த பிறகும் இரண்டாவது சிறிது நேரம் நீடிக்கலாம்.

கேள்வி: காதல் மர்ம நாவலின் உச்சக்காட்சியை ஒகேனக்கல் பரிசலில் வைக்கலாமா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: வைக்கலாம், ஆனால் காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசல் இயக்கத் தடை விதித்துவிடுவார்கள் என்பது நீங்கள் அறிந்ததே. வெள்ளத்தில் இருவரும் பரிசலில் போவதாக எழுதினால் உள்ளூர் வாசகர் நம்பமாட்டார். தடை அறிவிக்கப்பட்ட அன்று, அக்கரையில் ஒருவரும் இக்கரையில் ஒருவருமாக அவர்களை நிறுத்திப் பாருங்கள்.