பக்கத்து வீட்டுக்காரர் பாடக் கூப்பிடுகிறார்

கேள்வி: டெக்சாஸில் பல வருடமாக இருக்கிறேன். வயது 54. பக்கத்து வீட்டுப் பெரியவர், பார்பர்ஷாப் என்ற அமெரிக்கப் பாட்டுப் பாணியில் தான் பாடும் ஆண்கள் குழுவுக்கு வரச்சொல்லி விடாமல் கூப்பிடுகிறார். சிறுவயதில் கொஞ்சம் கர்நாடக சங்கீதம் கற்றதோடு சரி. மேற்கத்திய நொட்டேஷன் படிக்கத் தெரியாது. குழுவில் எல்லாரும் வெள்ளைக்காரர்கள் வேறு. போனால் அசிங்கப்படுவேனோ?

பதில்: தாராளமாகப் போங்கள். நொட்டேஷன் தெரியாதவர்கள் இந்தக் குழுக்களில் நிறையப் பேர் உண்டு. உங்கள் குரலுக்கான வரி மட்டும் தூக்கலாகக் கேட்கும்படி ஒலிப்பதிவு தருவார்கள். காரில் போட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிடலாம். நாம் பாடாந்தரம் செய்தவர்கள்தானே, காதால் கற்பது புதிதா என்ன?

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் நான்கு குரல்கள் சேர்ந்து பாடுவது இது. மெட்டு லீட் குரலுக்கு. அதற்கு மேலே மெல்லிசாக டெனர், அடியில் பேஸ், மிச்சமிருக்கும் சுரத்தைப் பிடிப்பது பாரிடோன். உங்களை பாரிடோனில் நிறுத்தினால் முதல் மாதம் கோபம் வரும். அந்த வரியைத் தனியாகப் பாடினால் என்ன பாட்டு என்றே வீட்டில் யாருக்கும் புரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கமகம். உங்களையறியாமல் குரல் அசையும். இங்கே அசையக்கூடாது. நால்வரும் ஒரே உயிரெழுத்தை ஒரே மாதிரி வாய் திறந்து, அசையாமல், சுத்தமான சுருதியில் பிடித்தால், யாருமே பாடாத ஒரு சுரம் மேலே ஒலிக்கும். பார்பர்ஷாப் ஆட்கள் உயிரை விடுவது இதற்குத்தான். நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் கேட்குமே, அதே சங்கதிதான். ஏழாம் சுரம் சேர்ந்த அவர்களுடைய பிரியமான கூட்டொலியில், அந்தச் சுரத்தைப் பியானோவில் இருப்பதைவிடச் சற்றுத் தாழ்த்திப் பாட வேண்டும். தம்புராவோடு பழகிய காதுக்கு இது எட்டாத விஷயமல்ல.

வெள்ளைக்காரர் கூட்டம் என்ற தயக்கத்துக்கு வருகிறேன். இந்தப் பாணி வேர்விட்டதில் கறுப்பின அமெரிக்கர்களின் பங்கு பெரிது. ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங்கே சிறுவனாக நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் நால்வர் குழுவில் பாடியவர். 1938இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் ஆரம்பித்த பார்பர்ஷாப் பாடகர் சங்கமோ 1963 வரை கறுப்பினத்தவரைச் சேர்க்கவில்லை என்பது வெட்கக்கேடு. 2018இல்தான் பெண்களுக்கும் முழு உறுப்பினர் உரிமை வந்தது. ஆண்கள் மட்டும் பாடும் குழுக்களும் தொடர்கின்றன. ஆக, அங்கே நிற்க உங்களுக்கு யாரும் சலுகை காட்ட வேண்டியதில்லை. ஆனால் குழுவுக்குக் குழு சுபாவம் மாறும். முதலில் விருந்தாளியாக ஓர் ஒத்திகைக்குப் போய் உட்காருங்கள். இடைவேளையில் உங்களோடு யார் வந்து பேசுகிறார்கள் என்று பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் பெரியவரிடம் நன்றி சொல்லிவிட்டு வேறு குழு தேடலாம், டெக்சாஸில் பஞ்சமில்லை.

போவதற்கு முன் வீட்டில் ஒரு பயிற்சி. சுருதிப்பெட்டி ஆப்பைப் போட்டு, காந்தாரத்தை ‘ஆ’ என்று நீட்டிப் பிடியுங்கள். போனில் பதிவு செய்து கேளுங்கள். ஆடாமல் நின்றதாக நீங்கள் நினைத்த சுரம் எவ்வளவு ஆடியிருக்கிறது என்பது அப்போது தெரியும். அப்புறம், சந்தா எவ்வளவு, உடைக்குத் தனிச் செலவு உண்டா என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.