ஸ்கேன் நார்மல், தலைவலி மட்டும் ஏன் விடவில்லை?

கம்பத்திலிருந்து ஒரு வாசகி: "என் வீட்டுக்காரர் கம்பமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்தில் நிழல்மரம் கவாத்து செய்கிறவர். பத்து நாளைக்கு முன் ஜீப் சடாரென்று பிரேக் போட்டதில் தலை கம்பியில் மோதி, கொஞ்ச நேரம் நினைவில்லை. சி.டி. ஸ்கேன் நார்மல் என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் தலைவலி, மறதி; பிள்ளைகள் சத்தம் போட்டாலே எரிந்து விழுகிறார். கங்காணி வேலைக்குக் கூப்பிடுகிறார். அனுப்பலாமா?"

மரம் ஏற இப்போது அனுப்பாதீர்கள், சகோதரி.

சி.டி. ஸ்கேன் காட்டுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். இரண்டும் இல்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் மண்டைக்குள் மூளை குலுங்கும்போது நரம்பிழைகள் இழுபடுகின்றன; செல்களின் உப்புச் சமநிலை குலைகிறது; அதைச் சரிசெய்ய மூளைக்குக் கூடுதல் சக்தி தேவைப்படுகிறது. இது வழக்கமான ஸ்கேன் படத்தில் தெரியாது. மூளை அதிர்ச்சி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். அவர் எரிந்து விழுவதும் இதன் அறிகுறியே. சோம்பல் என்றோ நடிப்பு என்றோ வீட்டில் யாரும் பேசிவிடாதீர்கள். அந்தப் பேச்சுதான் பலரை ஆறாத தலையோடு வேலைக்குத் துரத்துகிறது.

பெரியவர்களில் பெரும்பாலோர் இரண்டு, மூன்று வாரத்தில் தேறிவிடுவார்கள். முதல் ஓரிரு நாள் ஓய்வு போதும். அதற்குமேல் இருட்டறையில் படுத்தே கிடந்தால் குணமாவது தள்ளித்தான் போகும். காலையில் மெதுவாக நடக்கட்டும், வீட்டு வேலையில் கை கொடுக்கட்டும். தலைவலி கூடினால் அன்றைக்கு அதோடு நிறுத்தட்டும். செல்போனைக் குறைக்க வேண்டும். தூக்கம் நல்லது, தடுக்க வேண்டாம். சாராயம் அறவே கூடாது. பைக்கும் ஓட்டக் கூடாது.

தலைசுற்றல் இருந்தால் அது முழுவதும் நின்ற பிறகு, டாக்டர் சரி என்றால் முதலில் தரையில் நின்று செய்யும் வேலை. ஏணியும் மரமும் கடைசியில்தான். ஆறாத மூளையில் இன்னொரு அடி விழுந்தால் விளைவு முதல் அடியைவிட மோசமாகலாம். மருந்தடிக்கிற வேலையும் வேண்டாம்: பூச்சிமருந்து ஏறினாலும் தலைவலியும் குமட்டலும் வரும், எது எதனால் என்று பிரித்தறிவது கடினம்.

தலைவலி நாளுக்கு நாள் கூடுதல், திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, எழுப்பினாலும் எழாத மயக்கம்: இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கேரளப் பக்கம் இருந்தாலும் அதே எண்தான். ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மலை இறங்கிக் காலம் கடத்தாமல், ஸ்கேன் வசதியுள்ள பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயதானவர்களுக்கும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வாரக்கணக்கில் கழித்துக்கூட ரத்தம் கசிந்து சேரலாம். உங்கள் கணவர் அந்த மாத்திரை எடுக்கிறாரென்றால் இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

எதுவும் இல்லாவிட்டாலும், இந்த வாரத்துக்குள் க.விலக்கு தேனி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. ஸ்கேன் படத்தையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் எடுத்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள். மறதி இருக்கிறவரிடம் கேட்டால் பாதிதான் சொல்வார்.