கால்நடைத் தாதியிடம் கேளுங்கள்: மலேசியாவின் குளுவாங் தோட்டப்புற வாசகர்களுக்கான பதில்கள்

கேள்வி: எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த என் மகள் கால்நடைத் தாதியாக விரும்புகிறாள். எங்கே படிக்கலாம்? பிராணிகளைக் கொஞ்சிக்கொண்டிருக்கும் வேலைதானே?

பதில்: கால்நடைச் சேவைத் துறையின் பயிற்சிக் கழகம் நம் குளுவாங்கிலேயே இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள் அம்மா. கொஞ்சுவதற்கு நேரம் கிடைப்பது அரிது. காலையில் கூண்டுகளைக் கழுவி, மருந்துகளை எடைக்கேற்பக் கணக்கிட்டு, அறுவைக் கருவிகளை நீராவியில் கிருமி நீக்கி வைக்க வேண்டும். மயக்கத்தில் இருக்கும் நாயின் இதயத் துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம், ஈறின் நிறம் ஆகியவற்றை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறிப்பதும், தையல் போடும் முன் துணித்துண்டுகளை எண்ணிச் சரிபார்ப்பதும் தாதியின் பொறுப்பு. கணக்கில் தடுமாறுபவர் இந்த வேலையில் சிரமப்படுவார்.

கேள்வி: பூனைக்குக் காய்ச்சல். பாதி பனடோல் (பாராசிட்டமால்) மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பூனையின் கல்லீரலால் அம்மருந்தை முறையாகச் சிதைக்க முடியாது. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும், ஈறு பழுப்பாகும். ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம்.

கேள்வி: பசு பால் குறைத்துவிட்டது.

பதில்: என் அனுபவம் நாய், பூனைகளோடுதான். மாவட்டக் கால்நடை அலுவலகத்தை அணுகுங்கள்.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் வைத்த எலி மருந்தை நாய் தின்றுவிட்டது. நன்றாகத்தான் ஓடுகிறது.

பதில்: ஓடுவதை நம்பாதீர்கள். வார்ஃபரின் வகை எலி மருந்துகள், இரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே உடலில் மீண்டும் பயன்படுவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே உள்ள உறைபொருள்கள் தீர்ந்த பிறகே இரத்தக் கசிவு தொடங்குவதால், பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாள் வரை எதுவும் தெரியாது. தொலைபேசியை எடுக்கும் தாதி முதலில் கேட்பது மருந்தின் பெயர், தின்ற நேரம், நாயின் எடை. மருந்துப் பெட்டியையோ, தோட்ட அலுவலகத்தில் கேட்டறிந்த பெயரையோ கையோடு கொண்டு வாருங்கள்.

கேள்வி: நாங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்த காலத்தில் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைத்தோம், மறுநாளே நாய் எழுந்து நடந்தது. கிளினிக்குகள் பணம் பறிக்கத்தானே பயமுறுத்துகின்றன?

பதில்: ஐயா, மறுநாள் நடந்தது எதையும் நிரூபிக்காது, மருந்து ஏதும் கொடுக்காத நாயும் மறுநாள் நடக்கும். உப்பு மிகுந்தால் அதுவே மூளையைப் பாதிக்கும் நஞ்சு. வாந்தி எடுக்க வைக்க கிளினிக்கில் அளவான ஊசி உண்டு. தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் அது நன்கு பயன்படும். செலவு பற்றிய கோபம் எனக்கும் புரிகிறது, ஆனால் இரத்தம் கசியத் தொடங்கிய பிறகு ஆகும் செலவு பல மடங்கு.

கேள்வி: அப்படியானால் வைட்டமின் கே மாத்திரையை நானே வாங்கிக் கொடுக்கிறேன்.

பதில்: மீண்டும் நீங்களா ஐயா? வைட்டமின் கே-யில் வகைகள் உண்டு: தேவைப்படுவது கே1; கே3 இதற்கு உதவாது. நஞ்சின் வகையைப் பொறுத்துச் சில வாரங்கள் தொடர வேண்டும். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு மூன்று நாள் கழித்து உறைதல் சோதனை செய்ய வேண்டும். அளவை மருத்துவரே எழுதுவார்.

கேள்வி: அனுபவமுள்ள தாதி வீட்டுக்கு வந்து ஊசி போட்டால் மலிவாக முடியுமே?

பதில்: 1974ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர் சட்டப்படி, நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுவது பதிவுபெற்ற மருத்துவரின் வேலை. அழைத்தாலும் வர மாட்டேன்.

கேள்வி: நாய்க்குட்டிக்குப் பனடோல் சிரப்?

பதில்: பூனைக்கு அறவே கூடாது என்று சொன்னேன்; நாய்க்குட்டிக்கும் மருத்துவர் சொல்லாமல் ஒரு சொட்டும் வேண்டாம்.