மலாவி ஏரியில் குளித்த அக்காவுக்குத் தீராத வெள்ளைப்படுதல்: புழுவாக இருக்குமா? நம் ஊருணியிலும் வருமா?

புழுவாக இருக்கலாம். ஆப்பிரிக்காவின் மலாவியில் நாலு வருஷம் ஏரித் தண்ணீரில் குளித்துத் துவைத்தவர், காரைக்குடி திரும்பியும் வெள்ளைப்படுதலும் உறவுக்குப் பின் ரத்தக்கசிவும் நிற்கவில்லை, மாத்திரைக்கு மசியவில்லை என்கிறீர்கள். டாக்டரிடம் முதலில் அந்த ஏரியைச் சொல்லுங்கள். இங்கே இல்லாத நோய், அவராகக் கேட்க வாய்ப்பு குறைவு.

பெயர் பில்ஹார்சியா. நத்தையிலிருந்து வெளிவரும் நுண்புழு, தண்ணீரில் நிற்பவரின் தோலைத் துளைத்துப் போய் அடிவயிற்று ரத்தக்குழாய்களில் குடியேறும்; வருஷக்கணக்கில் முட்டையிடும். சிறுநீரோடு வெளியேறாத முட்டைகள் கருப்பை வாயில் சிக்கிக்கொள்ளும். கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப் கருவியில் மணல் தூவினாற்போல் மஞ்சள் திட்டுகளும், தொட்டாலே கசியும் இடங்களும் தெரியும். கருக்குழாய் கெட்டால் பிள்ளைப்பேறும் தடைபடலாம்.

இது உறவால் ஒட்டுவதில்லை. வீணாக அத்தானைச் சந்தேகப்பட வேண்டாம். ஆனால் எச்.ஐ.வி. விஷயம் தனி: புண்பட்ட சவ்வு அந்தக் கிருமிக்குத் திறந்த வாசல்; முட்டையைச் சுற்றித் திரளும் வெள்ளணுக்களில் எச்.ஐ.வி. தாக்கும் அணுக்களும் உண்டு. ஜிம்பாப்வேயில் நடந்த ஓர் ஆய்வில் இந்தப் புண் உள்ள பெண்களிடம் எச்.ஐ.வி. சுமார் மூன்று மடங்கு காணப்பட்டது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் அப்படியே ஒத்துப்போகவில்லை. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பரிசோதித்துவிடுங்கள்.

சிறுநீரைக் காலை 10 முதல் பிற்பகல் 2 மணிக்குள் கொடுக்கவேண்டும். முட்டை அதிகம் இறங்கும் நேரம் அது. விடியற்காலைச் சிறுநீர் கொடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று வருவது சகஜம். சரியான நேரத்தில் கொடுத்து முட்டை தெரியாவிட்டாலும் நோய் இல்லை என்றாகாது; ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனையும் கேளுங்கள்.

மருந்து பிராசிகுவான்டெல், கிலோவுக்கு 40 மில்லிகிராம். 60 கிலோ எடை என்றால் 2400, அதாவது 600 மில்லிகிராம் மாத்திரை நாலு. கசப்பு தாங்காது, மெல்லாமல் சாப்பாட்டோடு விழுங்கவேண்டும். வலிப்பு வந்திருந்தாலோ மூளையில் நாடாப்புழுக் கட்டி இருந்தாலோ முன்பே சொல்லிவிடவேண்டும். இந்த மருந்து அதைக் கிளறிவிடும். தாமாக வாங்கிப் போடாதீர்கள். வளர்ந்த புழுதான் சாகும், குஞ்சு தப்பும். தண்ணீரில் இறங்கியது சமீபம் என்றால் சில வாரம் கழித்து இன்னொரு வேளை. ஏற்கெனவே சிக்கிய முட்டைகள் அங்கேயே கிடப்பதால் வெள்ளைப்படுதல் உடனே நிற்காது. அதற்காக மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

ஊருணிக்குப் பயப்படாதீர்கள். மனிதருக்கு வரும் இந்த வகை இந்தியாவில் பதிவானது மகாராஷ்டிராவின் ரத்னகிரிப் பக்கம் கிம்வி கிராமத்தில், 1952இல். மாடு இறங்கும் கண்மாயில் நின்றால் காலில் அரிப்பெடுப்பதுண்டே, அது பெரும்பாலும் மாட்டுப் புழுவின் வேலை. அது நம் தோலைத் தாண்டாமல் செத்துப்போகும்.