அடையாற்றங்கரைச் சுவர்: மனுவில் கேட்க வேண்டியவை

வணக்கம். சென்னை ஜாபர்கான்பேட்டையில் அடையாற்றோரம் சுவரும் நடைபாதையும் கேட்டு மனு எழுதப் போவதாகச் சொன்னீர்கள். முதலில் உங்கள் தெரு மழைநீர் வடிகால் ஆற்றில் விழும் வாயைப் போய்ப் பாருங்கள். ஆறு ஏறினால் தண்ணீர் அதன் வழியாகவே தெருவுக்குத் திரும்பும். சுவர் என்ன செய்யும்? அந்த வடிகால் வாய்க்கு, ஆற்றுநீர் தள்ளும்போது தானாக மூடிக்கொள்ளும் இரும்புக் கதவு வேண்டும். அதில் குப்பை சிக்கினால் மூடாது. மூடியபின் தெருவில் தேங்கும் மழைநீருக்கு மோட்டாரும் வேண்டும்.

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து மட்டும் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அவ்வளவு தண்ணீருக்கு ஆற்றில் அகலம்தான் தேவை.

நடைபாதை கட்டாயம் கேளுங்கள், ஆனால் சரிவான மண்கரையில், வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும்படி. கீழே நாணலும் கோரையும் இருக்கட்டும், பறவைகள் வரும். அப்புறம், பட்டினப்பாக்கம் முகத்துவாரத்து மணல்திட்டை ஐப்பசிக்கு முன்னால் அகற்றவும் எழுதுங்கள்.