வாசகர் கேட்டவை: ரோமானியக் குடியரசு

டைபர் ஆற்றங்கரையில் இருந்த ஒரு சிற்றூர் இத்தாலி முழுவதையும் எப்படிப் பிடித்தது? அவ்வளவு வலுவான படையா?
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

வலுவான படைதான், ஆனால் அடிக்கடி தோற்ற படை. கி.மு. 390 வாக்கில் கால் (Gaul) இனத்தார் ரோமுக்குள்ளேயே புகுந்து சூறையாடினார்கள். கி.மு. 321இல் சாம்னைட்டுகள் என்ற மலையினத்தார் ஒரு ரோமானியப் படையை மலைக் கணவாயில் மடக்கிச் சரணடைய வைத்தார்கள். கிரேக்க மன்னன் பிர்ரஸ் 280, 279 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வென்றான். ரோமின் பலம் தோற்ற பிறகு மறுபடி ஆள் திரட்டியதில் இருந்தது.

கி.மு. 338இல் அக்கம்பக்கத்து லத்தீன் ஊர்களை அடக்கியபோது அந்த ஏற்பாடு உருவானது. தோற்ற ஊர்களை ரோம் ஒரே மாதிரி நடத்தவில்லை. சிலவற்றுக்கு முழுக் குடியுரிமை, சிலவற்றுக்கு வாக்கில்லாத குடியுரிமை. மற்றவை கூட்டாளி ஊர்கள். லத்தீன் ஊர்கள் பல தங்களுக்குள் கூட்டம் போடவும் பெண் கொடுத்து எடுக்கவும் தடை! கூட்டாளிகள் வரி கட்ட வேண்டாம். கேட்டபோது வீரர்களை அனுப்பினால் போதும். அவர்களுக்குச் சம்பளம் அந்தந்த ஊரே தரும். வரி வாங்கியிருந்தால் ரோமுக்குப் பணம் கிடைத்திருக்கும். இப்படிச் செய்ததால் தீராத ஆள்பலம் கிடைத்தது. கி.மு. 225இல் ரோமும் கூட்டாளிகளும் திரட்டக்கூடிய காலாட்கள் 7 லட்சத்துக்கு மேல், குதிரைவீரர்கள் சுமார் 70,000 என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் கணக்குத் தருகிறார். கி.மு. 216இல் கன்னே போரில் ஒரே நாளில் சுமார் 50,000 பேரை இழந்தும் ரோம் சமாதானம் பேசாததற்குக் காரணம் இதுதான். அந்தப் போரில் வென்ற கார்த்தேஜ் தளபதி ஹானிபால், கூட்டாளிகள் மொத்தமாகத் தன் பக்கம் வருவார்கள் என்று எதிர்பார்த்தான். கப்புவாவும் தெற்கில் பல ஊர்களும் வந்தன. நடு இத்தாலி அசையவில்லை.

ஓட்டை இல்லாத ஏற்பாடு அல்ல. போரில் சரிபாதி சாவு கூட்டாளிக்கு, வாக்கு மட்டும் கிடையாது என்றால் எத்தனை நாள் பொறுப்பார்கள்? கி.மு. 91இல் ஆயுதம் எடுத்தார்கள். அதன் பிறகே இத்தாலிக்காரர்களுக்குக் குடியுரிமை வந்தது.

ஆண்டுக்கு இரண்டு கான்சல்களாமே! இருவருக்கும் ஒத்துப்போகாவிட்டால்?
— வாசகர், முத்தியால்பேட்டை

கான்சல் என்றால் ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சித் தலைவர். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். மன்னராட்சி திரும்பக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பூட்டு. நகரத்துக்குள் அது சரிப்பட்டது. போர்க்களத்தில் இருவரும் ஒன்றாக இருந்தால் ஆளுக்கொரு நாள் தலைமை. கன்னேயில் நடந்தது அதுதான். பவுலஸ் பொறுக்கலாம் என்றார், வார்ரோ தன் முறை வந்த நாளில் படையை இறக்கினார். இத்தகைய நெருக்கடிக்கென்றே ஆறு மாதத்துக்கு மட்டும் ஒரு சர்வாதிகாரியை நியமிக்கும் வழியும் இருந்தது. பின்னாளில் சுல்லாவும் சீசரும் அந்த ஆறு மாதத்தை மதிக்கவில்லை.

கான்சல்களை மக்களே தேர்ந்தெடுத்தார்கள் என்றால் அது மக்களாட்சிதானே?
— வாசகர், மஞ்சக்குப்பம்

வாக்கு எண்ணிய முறையைப் பாருங்கள். குடிமக்களைச் சொத்து வாரியாக 193 குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒரு வாக்கு. குதிரைப்படையினருக்கு 18 குழு, பெரும் பணக்காரர்களுக்கு 80 குழு. ஆக 98, பெரும்பான்மைக்குத் தேவை 97. சொத்தே இல்லாதவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் ஒரே குழு. மேல்தட்டுதான் முதலில் வாக்களிக்கும், பெரும்பான்மை சேர்ந்ததும் வாக்களிப்பு முடிந்தது. ஏழை தன் முறைக்குக் காத்து நின்று வீடு திரும்ப வேண்டியதுதான். (கி.மு. 3ஆம் நூற்றாண்டில் 80 என்பது 70 ஆனது. அதன் பிறகு பெரும்பான்மைக்கு அடுத்த தட்டின் சில குழுக்களும் தேவைப்பட்டன.)

எளியவர்களின் உண்மையான ஆயுதம் வேறு. கி.மு. 494இல் படைக்கு வரமாட்டோம் என்று ஊரைவிட்டே வெளியேறி நின்றார்கள். அப்படித்தான் தங்களுக்கென்று டிரிபியூன் என்ற காப்பாளர் பதவியைப் பெற்றார்கள்.

அரிக்கமேட்டுக்கு வந்த ரோமானியர் இந்தக் குடியரசைச் சேர்ந்தவர்களா?
— வாசகி, அரியாங்குப்பம்

பெரும்பாலும் இல்லை. கி.மு. 30இல் எகிப்து ரோமின் கைக்கு வந்தது; அதன் பிறகே செங்கடல் வழி வணிகம் பெருகியது. கி.மு. 27இல் அகஸ்டஸ் ஆட்சியோடு குடியரசு பெயரளவில்தான் மிஞ்சியது. அரிக்கமேட்டில் கிடைத்த இத்தாலியச் செம்மெருகுக் கலங்களும் அதையொட்டிய காலத்தவையே. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அந்த இடத்துக்குக் காலம் குறித்தது இவற்றை வைத்துத்தான். சில ஓடுகளில் குயவர் முத்திரை இருக்கிறது. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் ஓடுகளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். உள்பக்க அடியில் வட்ட வட்டமாகச் சிறு கொத்து வரிகள் ஓடும் தட்டுகளை ஒரு காலத்தில் ரோமானியச் சரக்கு என்றே நினைத்தார்கள். பின்னர் மண்ணை ஆராய்ந்ததில் அவை இந்தியாவிலேயே செய்தவை என்று தெரிந்தது. கூர்மையான அடியும் இரண்டு கைப்பிடியும் கொண்ட ஆம்போரா சாடிகள்தான் மது, ஆலிவ் எண்ணெய், மீன்சாறு என்று மேற்கிலிருந்து கப்பலேறி வந்தவை.